நிணநீர்க்குழாய் உருத்திரிபு

நிணநீர்க்குழாய் உருத்திரிபு என்பது, கரு வளரும் காலத்தில் நிணநீர்க் குழாய்கள் சரிவர உருவாகாமல், நீர் நிறைந்த பைகளின் தொகுதியாக அமைந்துவிடும் பிறவிக் குறைபாடு ஆகும். முற்காலத்தில் இது சிஸ்டிக் ஹைக்ரோமா, லிம்பாஞ்சியோமா ஆகிய பெயர்களால் அழைக்கப்பட்டது. இது புற்றுநோய் அன்று; பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இக்குறைபாடு காணப்படுகிறது. பெரும்பாலும் கழுத்திலும் தலைப்பகுதியிலும் தோன்றும் இவ்வீக்கம், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே தென்படும்; பெரும்பாலோருக்கு இரண்டு வயதிற்குள் வெளிப்படும்.

காரணம்

குருதி நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரை மீண்டும் குருதியில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். வயலில் மிஞ்சிய நீரை ஆற்றில் கொண்டு சேர்க்கும் வடிகாலுடன் இவற்றை ஒப்பிடலாம். கருவில் ஒரு பகுதியின் குழாய்கள் பிற குழாய்களுடன் முறையாக இணையாதபோது, நீர் அங்கேயே தேங்கிப் பைகள் உருவாகின்றன.

இக்குறைபாடுள்ள பலரின் பாதிக்கப்பட்ட திசுவில், பிக்3சிஏ என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது 2015இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இம்மாற்றம் கருவின் சில உயிரணுக்களில் மட்டும் தற்செயலாக நிகழ்வது; பெற்றோரிடமிருந்து வருவதன்று. தாய் உண்ட உணவோ, கருவுற்றிருந்தபோது நேர்ந்த கிரகணமோ இதற்குக் காரணமல்ல.

வகைகளும் நோயறிதலும்

பைகளின் அளவைக் கொண்டு பெரும்பை வகை, சிறுபை வகை, இரண்டும் கலந்த வகை எனப் பிரிப்பர். சிகிச்சையின் பலன் பெரிதும் இவ்வகையையே சார்ந்துள்ளது. பெரும்பை வீக்கத்தின் மீது கைவிளக்கொளியைப் பாய்ச்சினால், ஒளி ஊடுருவித் தெரியும். அல்ட்ராசவுண்டு, எம்.ஆர்.ஐ. ஆகியவை இதனை உறுதி செய்யும்.

கழுத்து வீக்கங்கள் அனைத்தையும் கண்டமாலை எனக் கருதுதல் தவறு. காசநோயால் வரும் கழலைக்கு மருந்து வேறு. அதுபோல், கால் வீங்கியிருப்பினும் இது கொசுவால் பரவும் புழுக்கள் உண்டாக்கும் யானைக்கால் நோயும் அன்று.

சிகிச்சை

தொல்லை தராத சிறிய வீக்கங்களைக் கண்காணித்து வருவதே போதுமானது. சில தாமாகவே சுருங்குவதும் உண்டு. மூச்சுக்குழாய் அழுத்தப்படும்போது, கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்க நேரலாம்.

நெடுங்காலம் அறுவைச் சிகிச்சையே முதன்மை வழியாக இருந்தது. ஆனால் பைகள் நரம்புகளையும் குருதிக் குழாய்களையும் பின்னிக்கொண்டிருப்பதால், முழுவதையும் அகற்ற முயன்றால் முகநரம்பு போன்றவை சேதமடையக்கூடும். மீதம் விட்டால் வீக்கம் திரும்பலாம்.

பையிலுள்ள நீரை வெளியேற்றி, அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளுமாறு மருந்தைச் செலுத்துவது மற்றொரு முறை. ஜப்பானிய மருத்துவர் ஓகிட்டா 1987இல் ஓகே-432 என்னும் மருந்தைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். இந்தியாவில் பிளியோமைசின் பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பை வகையில் இம்முறை நல்ல பலன் தருகிறது. சிறுபை வகையில் பலன் குறைவு.

சிக்கலான நோய்க்கு சிரோலிமஸ் என்னும் மருந்து வாய்வழி கொடுக்கப்படுகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து, இந்திய வம்சாவளி அறிவியலாளர் சுரேந்திரநாத் சேகலின் குழுவினர் இதனைப் பிரித்தெடுத்தனர். குருதி மற்றும் நிணநீர்க் குழாய்களின் சிக்கலான குறைபாடுகளுக்கு இம்மருந்தை ஆராய்ந்து அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதச் சிகிச்சைக்குப் பின் மதிப்பிடப்பட்ட 57 பேரில் 47 பேருக்குப் பகுதி முன்னேற்றம் காணப்பட்டது. எவருக்கும் முழுமையாக மறையவில்லை. இம்மருந்து நோயெதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், குருதிப் பரிசோதனையும் மருத்துவக் கண்காணிப்பும் இன்றியமையாதவை.

நீண்டகால விளைவுகள்

பெரும்பை வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் இயல்பாக வளர்ந்து பள்ளி செல்கின்றனர். நாக்கிலும் வாயின் அடிப்பகுதியிலும் பரவிய சிறுபை வகை கடினமானது. பேச்சு, பல்வரிசை, தாடையின் வளர்ச்சி ஆகியவை பாதிக்கப்படலாம். சளி, காய்ச்சலின்போதும் பருவ வயதிலும் வீக்கம் பெரிதாகக்கூடும். வீக்கம் திடீரெனச் சிவந்து வலித்தாலோ, மூச்சோ விழுங்குதலோ தடைப்பட்டாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆகவே, முழுமையாக ஒழிப்பதைவிட, குழந்தையின் மூச்சு, உணவு, பேச்சு, தோற்றம் ஆகியவற்றைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம் ஆகும். ஊசி மருந்து பல வார இடைவெளிகளில் பலமுறை தேவைப்படலாம். ஆழ்வார்திருநகரி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களின் குடும்பங்களுக்கு, ஒவ்வொரு முறையும் திருநெல்வேலிக்குச் சென்றுவருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பாளையங்கோட்டையில் உள்ளது. வீக்கம் சற்றுக் குறைந்ததும் தொடர் சிகிச்சை நின்றுபோவது எளிது. குழந்தைகள் பிரிவில் பார்க்கப்படும் வயதைக் கடந்த பின்னரும் கண்காணிப்புத் தேவைப்படுவதால், படங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் குடும்பத்தார் பேணி வைத்திருத்தல் நன்று.