எட்டு போட்டவருக்கும் வராத திருப்பம்

தமிழ்நாட்டில் இருசக்கர வாகன உரிமத் தேர்வு என்றால் நடைமுறையில் எட்டு போடுவதுதான். காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஒரு சுற்று வந்துவிட்டால் வண்டி ஓட்டத் தெரியும் என்று கணக்கு. கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு, நடைவேகத்தில், போக வேண்டிய பக்கமே ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்புவது இதன் சூட்சுமம். சந்துக்குள் வண்டியைத் திருப்பவும் கடைவீதி நெரிசலில் ஊர்ந்து போகவும் இது நிஜமாகவே உதவும். ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தால் கைகொடுக்கும் வித்தை வேறு. ஏறக்குறைய இதற்குத் தலைகீழானது.

வேகமாக ஓடும் பைக் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், முன்சக்கரம் முதலில் ஒரு கணம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பைக் பிரியர்கள் இதைக் ‘கவுன்ட்டர் ஸ்டியரிங்’ என்பார்கள். கேட்டவுடன் நம்ப முடியாது. நம்பாதவர்கள் ஓர் ஒட்டடைக்கம்பை எடுத்து, நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கலாம். அதை விழாமல் வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும். கையை நேரே வலப்பக்கம் நகர்த்தினால் அடி முந்திக்கொள்ளும், தலை இடப்பக்கம் சாயும், கம்பு விழும். கையை முதலில் சற்று இடப்பக்கம் இழுத்தால் கம்பு வலப்பக்கம் சாயத் தொடங்கும். பிறகு அந்தச் சாய்வைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் போய்விடலாம்.

பைக்கும் இப்படி ஓர் ஒட்டடைக்கம்புதான். டயர்கள் சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை. ஓட்டுபவரின் தலை மேலே உள்ள நார். பின்சீட்டில் ஒருவர் ஏறினால் கம்பின் உச்சியில் இன்னொரு கொத்து நாரைக் கட்டியது போல. சாய்க்கவும் நிமிர்த்தவும் கை இன்னும் மெனக்கெட வேண்டும். அவர் மடியில் ஓர் அரிசி மூட்டையும் இருந்தால் அந்த ஒட்டடைக்கம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது; அந்த இடம்தான் சுவாரசியம். உள்ளங்கையை எந்தப் பக்கமும் நினைத்த மாத்திரத்தில் நகர்த்தலாம். சக்கரத்தால் அது முடியாது. முன்னோக்கி உருண்டால்தான் அது பக்கவாட்டில் நகர முடியும். அதனால்தான் நின்ற வண்டியை ஹேண்டில்பாரை ஆட்டி நிமிர்த்தி வைக்க முடிவதில்லை. காலை ஊன்ற வேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூட, ஹேண்டில்பாரின் சிறு அசைவுகூட டயரை மளமளவென்று பக்கவாட்டில் கொண்டுபோகும். வலப்பக்கப் பிடியை உள்ளங்கையால் முன்னோக்கி லேசாக அழுத்தினால் போதும். சக்கரம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும், திரும்பும். எட்டு போடும் வேகத்திலும் இது நடக்காமல் இல்லை. மற்ற பெரிய அசைவுகளுக்குள் மறைந்துகிடக்கிறது.

வரலாறு என்று பார்த்தால், சைக்கிள் பிறந்த காலத்திலேயே, 1869-ல், ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் இதை எழுதிவிட்டார். விமானம் செய்வதற்குமுன் சைக்கிள் செய்து விற்ற வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். சரியான முழு விடையை ஒருவரும் சொல்லவில்லை.

‘உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும், இதற்கு எதற்கு இத்தனை விளக்கம்?’ என்பது பலரின் கட்சி. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் ஒரு பைக்கில் வழக்கமான ஹேண்டில்பாருடன், சட்டத்தோடு அசையாமல் பொருத்திய இன்னொரு ஜோடிப் பிடிகளையும் வைத்தார். அந்தப் பிடிகளைப் பிடித்தால் ஸ்டியரிங் அசையாது. உடம்பைத்தான் சாய்த்தாக வேண்டும். சாய்த்தவர்களின் வண்டி சற்றே தள்ளாடி, ஏதோ ஒரு பக்கம் மெதுவாக ஒதுங்கியதே தவிர, சொன்ன இடத்தில் திரும்பவில்லை. உடம்பைச் சாய்ப்பதாக நினைப்பவர்களும் தம்மை அறியாமல் ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் கைக்குத் தெரிந்ததை எதற்குக் கற்றுத்தர வேண்டும்? பழகிய வளைவில் கை தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. திடுக்கிடும்போது மூளை குறுக்கே புகுந்துவிடுகிறது. இடப்பக்கமிருந்து நாய் பாய்கிறது. வலப்பக்கம் விலக வேண்டும். பயந்தவர் ஹேண்டில்பாரை வலப்பக்கம் வெட்டுகிறார். ஒட்டடைக்கம்பு இடப்பக்கம் சாய்கிறது, நாயை நோக்கி. போதாக்குறைக்குக் கண்ணும் நாயின் மேலேயே நிலைக்கிறது. கண் போகும் திசையில் வண்டி போகும்.

1981-ல் வெளியான ஹாரி ஹர்ட்டின் ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை அவர் குழு நிகழ்ந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். கவுன்ட்டர் ஸ்டியரிங் செய்து விலகும் திறமை அவர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை. பின்பிரேக்கை மட்டும் அழுத்தி வழுக்கியவர்களும் ஏராளம்.

அந்தப் பின்பிரேக் மோகம் இங்கேயும் உண்டு. ‘முன்பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும்’ என்பது தலைமுறைகளாக வரும் உபதேசம். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த சாலையில், இரு பிரேக்கையும் படிப்படியாக இறுக்குபவர் சுமார் 20 மீட்டரில் நிற்பார். பின்பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு அதைப் போல இரு மடங்கு தேவைப்படும். இரண்டிலும் சுதாரிக்கும் ஒரு விநாடிக்குள் கடந்துவிடும் 17 மீட்டரைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பிரேக் தூக்கி எறிவது வெடுக்கென்று பிடிப்பவரை. அல்லது திரும்பிக்கொண்டே பிடிப்பவரை. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி: பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திருப்பத்துக்கு மிச்சம் இருக்காது.

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வதும், பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைப்பதும், ராங் சைடில் வருவதும் யாருக்கும் தெரியாத தவறுகளல்ல. அவற்றுக்குப் பயிற்சி தேவையில்லை, அபராதம் போதும்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அதை ஏறக்குறைய எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் விரிவாக்கும் வரைவை 2025 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது. நல்ல கருவிதான். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். எந்தப் பக்கம் விலகுவது என்பதை அது முடிவு செய்யாது. விளம்பரங்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

பயிற்சியையும் சர்வரோக நிவாரணியாக விற்க முடியாது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, 2010-ல், பைக் பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் தரத்தில் ஆய்வுகளே இல்லை என்று முடித்தது. நார்வேயில் வழுக்குத் தரைப் பயிற்சி பெற்ற இளம் கார் ஓட்டுநர்களுக்கு விபத்து குறையவில்லை, கூடியது. சமாளித்துவிடலாம் என்ற துணிச்சல் சேர்ந்துகொண்டதே காரணம் என்று விளக்கப்பட்டது. ஒருநாள் முகாமில் சான்றிதழ் தருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆபத்தில் கை தானாக அழுத்த வேண்டுமானால், ஆளில்லாத மைதானத்தில், குறைந்த வேகத்தில், சலிக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

பிரிட்டனில் 2009 முதல் பைக் உரிமத்துக்கான முதல் கட்டச் செய்முறைத் தேர்விலும் எட்டு உண்டு. அதோடு, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து திடீரென்று நிறுத்திக் காட்ட வேண்டும்; அதே வேகத்தில் ஒரு தடையைச் சுற்றி விலகிக் காட்டவும் வேண்டும்.