ஓட்டு நம் கையில். நிலம் யார் கையில்?

'இந்தச் சின்னத்துக்குத்தான் குத்தணும்' என்று கூலி கொடுக்கிறவர் சொல்லும்போது, காலனியில் எத்தனை பேரால் 'முடியாது' என்று சொல்ல முடிகிறது? சொன்னால் மறுநாள் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் வரப்பில் நம் ஆடு மேயக்கூடாது. கடையில் கடன் நின்றுபோகும். ஓட்டுரிமையை யாரும் சட்டம் போட்டுப் பறிக்கவில்லை. கூலிக்கு வேறு வழியில்லாததால் அந்த உரிமை பயன்படாமல் கிடக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதைச் சுதந்திரத்துக்கு முன்பே கண்டுகொண்டார். பம்பாய் அரசு 1928-இல் அமைத்த ஒரு குழுவில் அவரும் உறுப்பினர். ஒடுக்கப்பட்டோர் தங்கள் உரிமையைக் கேட்ட இடங்களில் எல்லாம் ஊர்க்கட்டுப்பாடு என்ற ஆயுதம் எடுக்கப்படுவதையும், நிலமும் கடையும் எதிர்த் தரப்பிடம் இருப்பதாலேயே அது பலிப்பதையும் அந்தக் குழுவின் 1930 அறிக்கை பதிவு செய்தது.

1936-இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்று பெயர். சாதி ஒழிப்பையும் கூலிக்காரரின் வயிற்றுப்பாட்டையும் ஒரே மேடையில் வைத்த கட்சி அது. கொங்கணப் பகுதியில் குத்தகை விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்த கோத்தி முறையை ஒழிக்க 1937-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவரே மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கான விவசாயிகள் பம்பாய்க்கு ஊர்வலமாக வந்தார்கள்.

1947-இல் அரசமைப்பு அவைக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையில்லாதவனிடம், சங்கத்தில் சேரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை தருகிறேன் என்றால் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கேட்கிறார். பட்டினிக்குப் பயந்தவன் உரிமையைத்தான் விட்டுக்கொடுப்பான். அதனால் விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், சாதி பார்க்காமல் நிலத்தைக் கிராமத்தாரிடம் குத்தகைக்கு விட வேண்டும், நிலப்பிரபுவும் நிலமற்ற கூலியும் இல்லாத நிலை வர வேண்டும் என்றார். அடுத்த தேர்தலில் ஜெயிப்பவர் மாற்றிவிடாதபடி இதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

அது நடக்கவில்லை. வாழ்வுக்குப் போதுமான கூலி, செல்வம் ஒரு சிலரிடம் குவியாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார நலன் எல்லாம் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதிக்குப் போயின. 37-ஆவது பிரிவின்படி அவற்றை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிட முடியாது. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அவர் எச்சரித்தார்.

அந்த முரண்பாட்டின் விலை என்ன என்பதைக் கீழ்வெண்மணி காட்டியது. விவசாயத் தொழிலாளர்கள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். கூடவே, சங்கத்தின் கொடியை இறக்க மறுத்தார்கள். சங்கம் சேரும் உரிமை அப்போதே 19-ஆவது பிரிவில் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள்.

நம் கையில் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. கூலிப் பிரச்சினை அன்றைக்கே அடிப்படை உரிமைப் பிரச்சினை ஆகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரைச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவதைக் குற்றமாக்கியது. நம் நிலத்தை முறைகேடாகப் பிடித்துக்கொள்வதும், இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று மிரட்டுவதும் அதே சட்டத்தில் குற்றங்கள்.

நம் மாநிலத்தில் இதன் மையம் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892-இல் நிலம் ஒப்படைக்கும் ஆணை வந்தது. முதல் பத்தாண்டு விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. மீறி நடந்த விற்பனை செல்லாது. ஒப்படைக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. மாமல்லபுரம் அருகே காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட மக்கள் மீது 1994-இல் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள்.

தேர்தல் வந்தால் பஞ்சமி நில மீட்பு பல மேடைகளில் ஒலிக்கிறது. 2006 தேர்தலில் நிலமற்றவருக்கு இரண்டு ஏக்கர் என்ற வாக்குறுதியும் வந்தது. இலவசப் பொருளை வீட்டுவாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம். நிலத்தைக் கொடுக்க வேண்டுமானால் யாரிடமிருந்தாவது வாங்க வேண்டும். அதனால்தான் அது அறிக்கையில் ஒரு வரியாகவே நின்றுவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த வட்டத்தில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர்? யார் பெயரில் பட்டா இருக்கிறது? எத்தனை மாதத்தில் மீட்பீர்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்க ஆதாரம் வேண்டும். அங்கேதான் நம் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் நிபந்தனை ஒப்படை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாவிட்டால், 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவுகளுக்கு முந்தைய பழைய பதிவேட்டின் நகலைப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். புல எண்களை வரிசையாக எழுதிக் கிராம சபையில் படியுங்கள். ஒரு ஊரின் பட்டியல் தயாரானால் பக்கத்து ஊரும் தயாராகும். பட்டியல் கையில் இருக்கும் ஊரிடம் வெறும் வாக்குறுதியோடு யாரும் வர முடியாது.