‘கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்காம்!’ - மிரட்டுவது வைரஸா, விளம்பரமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆத்தூரிலிருந்து அப்பாவின் போன்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்குதாம்பா. இன்னிக்குள்ள பணம் கட்டலைன்னா எல்லாம் அழிஞ்சிரும்னு செவப்பா காட்டுது. கார்டு நம்பர் கேக்குது, போட்டுடட்டா?”

அந்த கம்ப்யூட்டரில்தான் சேகோ ஃபேக்டரிக்குப் போன குச்சிக்கிழங்கு லோடு கணக்கு இருக்கிறது. தங்கச்சி கல்யாண போட்டோக்கள் இருக்கின்றன. தோட்டத்துப் பட்டாவின் ஸ்கேன் காப்பி இருக்கிறது. ‘எல்லாம் அழிஞ்சிரும்’ என்று சொன்னால் யாருக்குத்தான் பதறாது?

“எதையும் தொடாதீங்கப்பா. ஸ்கிரீனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்றேன். போட்டோ வந்தது. திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. பிரபலமான ஓர் ஆன்டி வைரஸின் லோகோ. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘கூகுள் குரோம்’ என்ற பெயரும், கேள்விப்படாத ஒரு இணையதள முகவரியும்.

லோகோவில் இருந்த அந்த ஆன்டி வைரஸை நாங்கள் அந்த கம்ப்யூட்டரில் போட்டதே இல்லை!

ஊரில் அப்பா, அம்மா ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்க, நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்தால், இந்த போன் உங்களுக்கும் வந்திருக்கும். வரவில்லை என்றால், இனி வரலாம். வைரஸ் எச்சரிக்கை என்ற பெயரில் வருவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் வகை: முழுப் பொய்

அப்பாவுக்கு வந்தது இது. பழைய படம் தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறார். ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ பட்டனை அழுத்துங்கள்’ என்று வருகிறது. அழுத்துகிறார். உண்மையில் அவர் கொடுத்தது, ‘எப்போது வேண்டுமானாலும் எனக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பு’ என்ற அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் வைரஸ் எச்சரிக்கை வேஷத்தில் விளம்பரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தளத்தை மூடியிருந்தாலும் வரும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இணையதளத்தால் உங்கள் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்து ‘5 வைரஸ் இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. அந்த 5 என்பது சும்மா எழுதி வைத்த எண்.

இதன் அண்ணன் ஒருவர் உண்டு. திரை முழுக்க ஒரு பக்கம் திறக்கும், அலாரம் அடிக்கும், ‘உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று மிரட்டும். அழைத்தால், ரிமோட் ஆப் ஒன்றைப் போடச் சொல்லி, கம்ப்யூட்டரையே கையில் எடுத்துக்கொள்வார்கள். உதவி செய்வதாகச் சொல்லி ஏமாற்றும் இந்த போலி டெக் சப்போர்ட் கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே இயங்கியிருக்கின்றன. 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் அதற்கு அடிப்படை.

இரண்டாம் வகை: மிரட்டி விற்பது

இது கொஞ்சம் சிக்கலானது. ஏனென்றால் இதை அனுப்புவது நிஜமான ஆன்டி வைரஸ்.

புது லேப்டாப் வாங்கும்போதே ஓர் ஆன்டி வைரஸ் உள்ளே இருக்கும். அது தானமாக வந்ததல்ல. 30 நாளோ, ஒரு வருடமோ டிரையல். காலம் முடிந்ததும் ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது’ என்று தினமும் வரும். மூடினாலும் வரும். பணம் கட்டி வைத்திருந்தாலும் நிம்மதி இல்லை. ‘விபிஎன் வேணுமா? பாஸ்வேர்டு மேனேஜர் வேணுமா? 1,247 குப்பை ஃபைல்கள் இருக்கே, கிளீன் பண்ணட்டுமா?’ என்று அடுத்த பொருளை விற்கப் பார்க்கும்.

முதல் வருடம் தள்ளுபடி விலை, அடுத்த வருடம் முழு விலையில் ஆட்டோ ரினியூவல் என்பதும் இந்தத் தொழிலில் சகஜம். கார்டிலிருந்து பணம் போன பிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

மூன்றாம் வகை: நிஜ எச்சரிக்கை

இது பெரும்பாலும் அடக்கமாகத்தான் பேசும். எந்த ஃபைல், எந்த ஃபோல்டரில் இருந்தது, அதை என்ன செய்தேன் என்று சொல்லும். வைரஸை நீக்கக் காசு கேட்காது. விண்டோஸில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யைப் பார்த்தால், பிடிபட்டவற்றின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் காலியாக இருந்து, மூலையில் மட்டும் சிவப்புப் பெட்டி அலறினால், சந்தேகப்பட வேண்டியது அந்தப் பெட்டியை.

முதல் இரண்டு வகையின் உண்மையான சேதம் பணம் மட்டுமல்ல. தினமும் பொய்யாக அலறினால் என்ன ஆகும்? ஒருவர் எல்லாவற்றுக்கும் பயந்து கார்டு எண்ணைக் கொடுப்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் மூடிப் பழகி, நிஜமான எச்சரிக்கை வரும் நாளிலும் ‘எக்ஸ்’ பட்டனை அழுத்துவார். ‘புலி வருது’ கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படி ஏமாற்றி பட்டனை அழுத்த வைக்கும் உத்திகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இதற்கென வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதில் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதாக நம்பவைத்து, போலி நீக்கும் கருவிக்குக் காசு பறிப்பது ‘ரோக் மால்வேர்’ என்ற பெயரில் அதில் இருக்கிறது. திரும்பத் திரும்ப நச்சரிப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது ஆகியவையும் இருக்கின்றன. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆட்டோ டெபிட்டுக்கும் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. கார்டிலிருந்து பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும். அந்த அனுமதியை வாடிக்கையாளர் ரத்தும் செய்யலாம். அப்பாவின் போனில் படிக்கப்படாமல் கிடக்கும் எஸ்எம்எஸ்களில் இதுவும் இருக்கலாம், பாருங்கள்.

அப்போ ஆன்டி வைரஸே வேண்டாமா?

வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் செருகிய பென் டிரைவ் வழியாக வைரஸ் வீடு வந்த காலத்தில், தனியாக ஒன்றை வாங்கியே ஆக வேண்டியிருந்தது. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்கள் அந்தத் தேவையில்தான் வளர்ந்தன. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, ‘டிஃபெண்டர்’ என்ற ஆன்டி வைரஸை மைக்ரோசாஃப்ட் உள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் சமீப ஆண்டுகளில், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு இணையாக அது மதிப்பெண் பெறுகிறது. கணக்கு எழுத, போட்டோ பார்க்க, பேங்க் வேலை பார்க்க உள்ள வீட்டு கம்ப்யூட்டருக்கு அது போதும். பல சிஸ்டம்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டிய அலுவலகம் என்றால் கதை வேறு.

சிஸ்டம் ஏன் ஆமையாகிறது?

ஆன்டி வைரஸ் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும், திறப்பதற்கு முன் சோதிக்கிறது. புது மெஷினில் இது தெரியாது. 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் எக்செல் திறப்பதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். ‘ரெண்டு இருந்தா டபுள் சேஃப்டி’ என்று நினைத்து இரண்டு ஆன்டி வைரஸ் போட்டால் இன்னும் மோசம். ஒன்று திறக்கும் ஃபைலை மற்றது சோதிக்கும். இரண்டும் மாறி மாறி இழுக்கும்.

காவல்காரரே தவறினால்?

கம்ப்யூட்டரின் அடிமட்டம் வரை எட்டிப்பார்க்கும் அதிகாரத்தை நாம் ஆன்டி வைரஸுக்குக் கொடுக்கிறோம். அதனால் அது தவறினால் அடியும் பெரிதாக விழுகிறது. 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசிய ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவைக்க, உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் முடங்கின. 2024 ஜூலை 19-ல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் படுத்தன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது அன்றுதான்.

‘இலவசம்’ என்பதிலும் கவனம் தேவை. பயனாளர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றதாக அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2024-ல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டியவை

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. குரோமில் ‘செட்டிங்ஸ்’ போய், ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’, அதில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ திறங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாதவற்றை நீக்குங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே அமைக்கலாம்.

2. காலாவதியான ஆன்டி வைரஸை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் உறுதி செய்யுங்கள்.

3. விண்டோஸ் அப்டேட்டைப் பாருங்கள். இது ஆன்டி வைரஸை விட முக்கியம். 2017 மே மாதம் உலகை உலுக்கிய ‘வான்னாகிரை’ நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது; போடாதவர்கள்தான் சிக்கினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன என்பதையும் மறக்க வேண்டாம்.

4. முக்கியமான ஃபைல்களை ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். ‘எல்லாம் அழிஞ்சிரும்’ என்ற மிரட்டல் அதோடு பல்லிழந்துவிடும்.

5. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தளத்தில் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

அன்று போனிலேயே அப்பாவுக்கு முதல் வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு மெனுவாகப் படித்துக் காட்டி, பட்டியலில் இருந்த பதினொரு தளங்களை அவரே நீக்கினார். பெட்டி காணாமல் போனது.

“இவ்ளோதானா? அப்போ வைரஸே இல்லியா?” என்றார்.

“இல்லப்பா. ஆனா இனிமே கார்டு நம்பர் கேட்டா, குடுக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கு மாதிரியே எனக்கு ஒரு போன் பண்ணுங்க.”

அவர் அன்று செய்த மிகச் சரியான காரியம் அந்த போன்தான். ‘இதுகூட தெரியலியா’ என்று நாம் ஒருமுறை எரிந்து விழுந்தால், அடுத்த முறை கேட்காமலே பணத்தைக் கட்டிவிடுவார்கள். வீட்டு கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமையும் ஒரு பாதுகாப்புதான்.