பேச்சு திரும்ப 98 மணி நேரம்: மூளை ஆபரேஷனில் எழுதப்படாத கணக்கு

மூளையில் கட்டி என்று சொன்னதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, உயிருக்கு ஆபத்து உண்டா, எவ்வளவு செலவாகும் என்பதுதான். கேளம்பாக்கத்தில் இரண்டுக்கும் பதில் கிடைக்கிறது. செட்டிநாடு மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடத்துக்கு 5,00,000 ரூபாய் வரை காப்பீடு உண்டு. சாலை விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று அது தொடங்கியதும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான். உயிரைக் காப்பாற்றுவதற்கான கணக்கு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. பேச்சு போய்விட்டால் அதைத் திரும்பப் பெற எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற கணக்கை மட்டும் யாரும் கேட்பதும் இல்லை, எழுதித் தருவதும் இல்லை.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 95 பேருக்கும், இடக்கைக்காரர்களில் 70 பேருக்கும் மொழி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். கேட்பது புரியும், ஆனால் ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வராது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அஃபேசியா என்பது இதுதான். நாக்கும் தொண்டையும் பழுதாகாமலே சொல் மட்டும் அகப்படாமல் போகும். ‘பேச மாட்டேங்கிறார், பிடிவாதம்’ என்றும் ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்றும் வீட்டில் சொல்வது தவறு. அவருக்குப் புத்தி இருக்கிறது.

இனி ஆபரேஷன் கணக்கு. மொழிப் பகுதியிலோ அதன் அருகிலோ கட்டி இருந்த 250 பேரின் முடிவை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் நடுவில் நோயாளியை விழித்திருக்க வைத்து, படங்களின் பெயரைச் சொல்லச் சொல்லி, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்க்கும் முறை அது. தொட்ட இடத்தில் பேச்சு நின்றால் அந்த இடத்தை வெட்டுவதில்லை. மூளைக்கு வலி தெரியாது என்பதால் இது முடிகிறது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 194 பேருக்கு மொழி முன்பிருந்தபடியே இருந்தது. 21 பேருக்கு ஏற்கெனவே இருந்த குறை கூடியிருந்தது, 35 பேருக்குப் புதிதாகக் குறை வந்திருந்தது. ஆக, 56 பேர். ஆறு மாதத்தில் அவர்களில் 52 பேர் பழைய நிலைக்கோ அதைவிட நல்ல நிலைக்கோ திரும்பிவிட்டார்கள். நிரந்தரமாக இழந்தவர்கள் 4 பேர்.

முதல் வாரத்தில் பேச்சில்லை என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை என்று இந்த எண்கள் சொல்கின்றன. ஆபரேஷனால் வந்த வீக்கம் வடியும்போதே சிலருக்குச் சொற்கள் வரத் தொடங்கும். 8,091 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் வந்த கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. இப்படி மின்சாரத்தால் தொட்டுப் பார்த்துச் செய்த ஆபரேஷன்களில் 3.4 விழுக்காட்டினருக்கே கடுமையான நரம்புக் குறை நிலைத்தது. அப்படிச் செய்யாதவற்றில் 8.2 விழுக்காடு. ஆயிரம் பேருக்கு 48 பேர் வித்தியாசம். கட்டி இடப்பக்கம் என்றால், இந்த வசதி இங்கே உண்டா என்று டாக்டரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

பேச்சு தானாகத் திரும்பாதவருக்குத்தான் உண்மையான செலவு. ஸ்பீச் தெரபி எவ்வளவு வேண்டும் என்பதற்கான எண்கள் பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளிடமிருந்து கிடைத்தவை. 2003இல் வெளியான ஓர் அலசலில், பலன் தந்த ஆய்வுகளில் சராசரியாக வாரம் 8.8 மணி நேரம், 11.2 வாரம், மொத்தம் 98.4 மணி நேரப் பயிற்சி நடந்திருந்தது. பலன் தராதவற்றில் வாரம் 2 மணி நேரம்தான், ஆனால் 22.9 வாரம் இழுத்திருக்கிறது.

இந்த 98.4 மணியை 45 நிமிட அமர்வுகளாகப் பிரித்தால் 131 அமர்வு. வாரம் ஒருமுறை போனால் முடிக்க இரண்டரை ஆண்டு ஆகும். கூட வருபவருக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் வேலை போகும் என்று வைத்தால் 65½ நாள். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த 336 ரூபாய் கூலியால் பெருக்கினால் 22,008 ரூபாய். பஸ் செலவும் கட்டணமும் தனி. அமர்வுக் கட்டணத்தில் ஒவ்வொரு நூறு ரூபாயும் மொத்தத்தில் 13,100 ரூபாயாகிறது. தனியார் பாலிசிகள் பலவற்றில் வீடு திரும்பிய பின் ஆகும் செலவுக்கு 60 அல்லது 90 நாள்தான் வரம்பு.

இதையே வேறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். வாரம் இரண்டு அமர்வு வீதம் 12 வாரம் தெரபிஸ்டிடம் போனால் 18 மணி நேரம். மீதி 80 மணியை வீட்டில் 84 நாளுக்குப் பிரித்தால் தினம் 57 நிமிடம். கூலி இழப்பு 12 நாளோடு நிற்கிறது: 4,032 ரூபாய். வீட்டுப் பயிற்சி தெரபிஸ்டுக்கு ஈடாகாது. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததைத் தினமும் செய்தால்தான் அவரிடம் செலவழித்த 18 மணிக்குப் பயன் உண்டு.

அந்த 57 நிமிடத்தில் செய்வது பெரிய வித்தை அல்ல. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உப்பளம் தெரியும். ஒரு கிண்ணத்தில் கல்லுப்பை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்கலாம். ‘வெள்ளையா... குழம்புல... அது’ என்பார். உடனே சொல்லிக்கொடுக்கக் கூடாது. பத்து எண்ணும் வரை காத்திருந்து, ‘உ...’ என்று முதல் எழுத்தைக் கொடுக்கலாம். வரவில்லையா, ‘உப்பில்லாப் பண்டம்’ என்று தொடங்கினால் ‘குப்பையிலே’ என்று முடித்துவிடுவார் பலர். எண்ணிக்கை, கிழமை, பழமொழி, பாட்டு எல்லாம் பேச்சு போனவருக்கும் சில நேரம் தடையில்லாமல் வரும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உப்புக்கு வர வேண்டும். தமிழில் பேசி வாழ்ந்தவருக்குத் தமிழ்ப் பொருள்களை வைத்துத்தான் பயிற்சி தர வேண்டும். ஆங்கிலப் படப் புத்தகத்தின் ஆப்பிள் இங்கே உதவாது.

‘ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி வராது’ என்பதும் சரியல்ல. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த 156 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மூன்று வாரம், வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் பயிற்சி தந்ததில் அன்றாடப் பேச்சு மேம்பட்டது.

வேலூரில் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியது 1949. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கியது 1950. பேச்சுக்கும் செவித்திறனுக்குமான அகில இந்திய நிறுவனம் மைசூரில் வந்தது 1965. கத்தி முந்திக்கொண்டது, பேச்சுப் பயிற்சி இன்னும் பின்னால் வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதே வண்டியில் ஸ்பீச் தெரபிஸ்டும் வர அரசு வழிசெய்ய வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்பீச் தெரபி, எங்கே, யாரிடம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வழியாகச் சுமார் 10 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில், 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சு, செவித்திறன் துறையும் அங்கே உண்டு. ஸ்கேன், டிஸ்சார்ஜ் தாள், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் விசாரியுங்கள்.