குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப்... கொடுக்கும் முன் கவனியுங்கள்!

'சித்த வைத்தியருக்கு ஆன்டிபயாட்டிக் பற்றி என்ன பேச்சு?' என்று சிலர் நினைக்கலாம். பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது. கள்ளக்குறிச்சியானாலும் சரி, மேலே கல்வராயன் மலை ஊர்களானாலும் சரி, குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்கள் பலர் பையில் ஒரு சிரப் பாட்டிலையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். "போன மாசம் வாங்கினதுங்க. பாதி அப்படியே இருக்கு. இதையே கொடுக்கலாமுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

கொடுக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

எல்லாக் காய்ச்சலுக்கும் அல்ல!

ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியா கிருமிகளை ஒழிக்கும் மருந்து. ஜலதோஷம், மூக்கொழுகல், பெரும்பாலான தொண்டைவலி, டெங்கு எல்லாம் வைரஸ் வேலை. அங்கே இந்த மருந்துக்கு வேலையே இல்லை. சாதாரண வயிற்றுப்போக்குக்கும் முக்கியமாகத் தேவைப்படுவது உப்பு-சர்க்கரைக் கரைசலும், டாக்டர் சொல்லும் ஜிங்க் மருந்தும்தான்.

எது பாக்டீரியா, எது வைரஸ் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாது. டாக்டர் சோதித்துச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் "பிள்ளைக்கு ஜுரம், ஏதாச்சும் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை யாருக்கு, யார் சீட்டின் பேரில் விற்றோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதி. லேபிளில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால், சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

பொடி வேறு, கரைத்த மருந்து வேறு

எங்கள் சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் உண்டு. சூரணம் என்றால் மூன்று மாதம். அதே சரக்கைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிக் குடிநீராக்கினால் மூன்றே மணி நேரம்! தண்ணீர் பட்டதும் மருந்தின் ஆயுள் சுருங்கிவிடுகிறது.

குழந்தைகளின் ஆன்டிபயாட்டிக் சிரப்பும் அப்படித்தான். பாட்டிலுக்குள் பொடியாக இருக்கும்வரை லேபிளில் போட்ட தேதி வரை தாங்கும். தண்ணீர் கலந்த பிறகு அந்தத் தேதி செல்லாது. அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த சிரப்பை, கரைத்த பின் பிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். மற்றவற்றுக்கு நாள் கணக்கு மாறும், லேபிளில் இருக்கும். கரைத்த தேதியைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மீந்ததை அடுத்த ஜுரத்துக்கென்று பத்திரப்படுத்தாதீர்கள்.

கரைப்பது எப்படி?

முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். கூடவே தண்ணீர்க் குப்பி கொடுத்திருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய தண்ணீர். வெந்நீர் ஆகாது, பால், தேன், கஷாயம் எதுவும் ஆகாது. குறியிட்ட கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும். அப்போது கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் வெறும் தண்ணீரும், கடைசி நாள் அடிமண்டி மருந்துமாகப் போகும்.

சமையலறை ஸ்பூன் வேண்டாம்

வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு. பாட்டிலோடு வரும் மூடி அளவையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். அமாக்ஸிசிலினே 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்" என்று அதே அளவைக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடலாம், பாதியாகவும் ஆகலாம். அளவு, குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு பாட்டில் போதுமா?

இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை. காலை 5 மி.லி., இரவு 5 மி.லி. என்றால் 30 மி.லி. பாட்டில் மூன்றே நாளில் காலி. டாக்டர் எழுதியது 5 நாளுக்கு! ஜுரமும் விட்டிருக்கும். "அதான் சரியாயிடுச்சே" என்று நிறுத்திவிடுகிறார்கள். மலையிலிருந்து இன்னொரு பாட்டிலுக்காகக் கீழே இறங்கினால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகிறதே! அதனால் முதல் நாளே இரண்டு பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது தீரும்வரை இரண்டாவதில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குறைவான மருந்தில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். அதற்காக நாமாக நாட்களைக் கூட்டுவதும் தப்பு. சில நோய்க்கு 3 நாள், சிலதுக்கு 5, சிலதுக்கு 10. டாக்டர் சொன்னதே கணக்கு.

பிரிட்ஜ் இல்லையா?

வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரை இருக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் அப்போதைக்கப்போது கரைத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் வடிவம் இது. கெட்டுப்போகுமோ என்ற பயமில்லை.

பேதியும் தடிப்பும்

மருந்து ஆரம்பித்ததும் லேசாக வயிறு போகலாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். நிறையப் போனாலோ, ரத்தம் கலந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளை கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த மருந்துக்கு அப்படி வந்தது என்று எழுதி வைத்து, அடுத்து யாரிடம் போனாலும் சொல்லுங்கள்.

"கஷாயமே போதாதுங்களா?"

இதையும் என்னிடம் கேட்கிறார்கள். சாதாரண இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகு நல்ல மருந்துதான். ஆனால் நிமோனியாவுக்கு அதை நம்பி நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பிறந்து 2 மாதம் வரை 60, 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், பால் குடிக்காவிட்டால், துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது.

ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களில் நாட்டு மருந்தும் கொடுப்பதாக இருந்தால், இரண்டு வைத்தியர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும். மறைத்துக் கொடுக்காதீர்கள்.

இப்போதே எழுந்து அலமாரியைப் பாருங்கள். எப்போதோ கரைத்து வைத்த சிரப் பாட்டில் இருக்கிறதா? கோவிச்சுக்காமல் தூக்கிப் போட்டுடுங்க!