வீடற்ற குடும்பங்கள்

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களில் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் நகரங்களில் இருந்தவர்கள். இவர்கள் யாவரும் தனியாட்கள் என்று எண்ணுவது பிசகு. நடைபாதையில் அடுப்பு மூட்டிக் குழந்தை வளர்க்கும் குடும்பங்களை நாம் தினந்தோறும் கடந்து செல்கிறோம்.

லட்சம் ஜனங்களுக்கு ஒரு விடுதி வீதம், வருஷம் முழுவதும் திறந்திருக்குமாறு அமைக்க வேண்டுமென 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2013-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டுமென்று விதித்ததோடு, குடும்பங்களுக்கெனத் தனி விடுதிகள் தேவை என்பதையும் ஒப்புக்கொண்டது. ஏட்டளவில் குறையில்லை. ஆனால் தலையை எண்ணிப் பாய் விரிக்கும் விடுதியில், புருஷன் ஓரிடம், மனைவி மக்கள் வேறிடம் என்று பிரிக்கப்படுவார்களாயின் எந்தத் தாய் அங்கே போக இசைவாள்? நடைபாதையே மேல் என்று அவள் கருதினால் அவளைப் பிடிவாதக்காரி என்பது நியாயமாகாது. குடும்பத்துக்கு வேண்டுவது தாழிடக்கூடிய ஒரு கதவு, சமைக்க ஓர் இடம், குழந்தை படிக்கும் பள்ளிக்கு அருகாமை. பிழைப்பும் அந்தப் பேட்டையில்தானே இருக்கிறது!

சரி, விடுதி கிடைத்துவிட்டது. அங்கிருந்து அக்குடும்பம் போவது எங்கே? இவ்விஷயத்தில் அமெரிக்க சர்க்கார் செய்து பார்த்த பரீட்சை கவனிக்கத்தக்கது. 2010-ல் தொடங்கி, 12 பிரதேசங்களில் அவசர விடுதிகளில் தங்கியிருந்த 2,282 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு நீண்டகால வாடகை உதவி. இன்னொரு சாராருக்குச் சொற்பகால உதவி. மற்றொரு சாராருக்கு 2 வருஷம் வரை, மேற்பார்வையோடு கூடிய இடைக்கால வீடு. எஞ்சியோர் வழக்கமான ஏற்பாட்டிலேயே விடப்பட்டனர். சுமார் 3 வருஷங்களுக்குப் பின் பார்க்கையில், நீண்டகால வாடகை உதவி பெற்றோரிடையே மீண்டும் வீடிழப்பது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. செலவோ வழக்கமான ஏற்பாட்டைவிட நூற்றுக்கு 9 பங்குதான் அதிகம். இடைக்கால வீட்டில் வைக்கப்பட்டவர்கள், வழக்கமான ஏற்பாட்டிலிருந்தவர்களைவிட அவ்வளவாக முன்னேறவில்லை.

அமெரிக்க வாடகையும் நம் வாடகையும் ஒன்றல்ல என்பதை அறிவோம். இங்கே ஏழையை வாசலிலேயே தடுப்பது முன்பணம். பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் சென்னையில், தினக்கூலி பெறுகிறவர் அத்தொகையை எந்தக் காலத்தில் சேர்ப்பார்? ஆகவே விடுதிகளுக்குப் பணம் ஒதுக்கும் நகரசபைகள், குழந்தையுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் இம்முன்பணத்தையும் ஒரு வருஷ வாடகையில் ஒரு பகுதியையும் அளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே அது கைக்குக் கிடைக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.