வரவேற்பறையில் ஒரு பவளத்திட்டு

பவளம் ஒரு விலங்கு. கடற்சாமந்திக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவுமுறை. அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி ஒன்று கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை செய்து, தான் ஆக்கிய சர்க்கரையில் பெரும்பகுதியை அந்தப் பாசி பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. பதிலுக்குத் தங்க இடமும், பவளத்தின் கழிவிலிருந்து உரமும் பெற்றுக்கொள்கிறது. ஆகவே வீட்டில் பவளத் தொட்டி வைக்கும் எவரும் பாசி வளர்ப்பவரே. வெளிச்சமும் உரமும் பவளத்துக்குள் இருக்கும் பாசிக்குப் போகின்றனவா, பாறைமேல் படரும் பாசிக்குப் போகின்றனவா என்பதில்தான் தொட்டியின் தலைவிதி இருக்கிறது.

கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில் 2005-இல் திறக்கப்பட்ட அக்குவாரியா கே.எல்.சி.சி.யின் 90 மீட்டர் கண்ணாடிச் சுரங்கத்தில் நடந்து வந்தால், வீட்டிலும் ஒரு துண்டுக் கடல் வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அங்கே அதைப் பராமரிக்க ஆள் பட்டாளமே இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமான் வீட்டிலோ அத்தனை வேலையும் ஒருவர் தலையில் விழும். அதிலும் நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேடுகளில் அவை அரைப்பக்கம்கூட வராது.

முதல் சிக்கல் வெப்பம். பெரும்பாலான பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் தோதானது. ஏர்கான் இல்லாத நம் வரவேற்பறையில் பிற்பகல் சூடு 30 டிகிரியைத் தொடும். விளக்கும் பம்பும் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். கடலிலேயே வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010-இல் அப்படி வெளுத்தபோதுதான் மலேசிய அரசு தீவுகளின் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூடியது. தொட்டிமேல் சிறு மின்விசிறி வைத்தால் நீர் ஆவியாகிச் சூடு குறையும். ஆனால் நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால் ஓரிரு டிகிரிக்குமேல் எதிர்பார்க்க முடியாது. சில்லர் என்ற குளிரூட்டியே கைகொடுக்கும். அதை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. தான் உறிஞ்சிய சூட்டை அலமாரிக்குள்ளேயே கக்கித் தானே திணறும். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும்.

கிள்ளான் துறைமுகம் பக்கத்தில்தானே, கடல்நீரை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஆற்று முகத்துவாரமும் அலையாத்திக் காடும் சேர்ந்த அந்தக் கலங்கல் நீர் இறாலுக்கும் நண்டுக்கும் உகந்தது. பவளம் கேட்பது லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள, உரச்சத்து மிகக் குறைந்த, கண்ணாடித் தெளிவான நீர். அதனால் உப்புப் பொடி வாங்கிக் கலப்பதே வழி. அப்போதும் குழாய்நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. குடிப்பதற்கு நல்லதாகச் சுத்திகரித்த நீரிலும் குளோரின், சிலிக்கேட், கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட் இருக்கலாம். நாம் குடித்தால் ஒன்றுமில்லை, குளோரின் தவிர மற்றவை பாசிக்கு விருந்து. ஆர்.ஓ. வடிகட்டியையும் அடுத்து அயனி நீக்கும் பிசினையும் தாண்டிவந்த நீரில், கரைந்த பொருளை அளக்கும் டி.டி.எஸ். மானி 0 காட்ட வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் வாரம் 10 விழுக்காடு நீரை மாற்றுவதென்றால் 20 லிட்டர் புதுநீர். அதை வடிக்க மூன்று நான்கு மடங்குக் குழாய்நீர் கழிவாகப் போகும். அதை வாளியில் பிடித்து வீட்டு முற்றம் கழுவலாம். வடித்த நீர் எப்போதும் ஒரு பீப்பாய் கையிருப்பில் இருக்கட்டும். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல லட்சம் வீடுகளுக்கு நாள்கணக்கில் குழாய் வறண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வீட்டில் பவளம் வைக்க முடியும் என்று காட்டிய முன்னோடி நமக்கு அண்டை நாட்டவர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த பாறையை அதன் உயிர்களோடு தொட்டியில் இறக்கி, காற்றுக் குமிழியும் வெயிலும் காட்டினார், அவ்வளவுதான். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா, மீனின் கழிவான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உள்ளே ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. இந்தக் கூட்டம் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரமாகும். அதற்குமுன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே சாகும். பின்னாளில் இதனோடு புரோட்டீன் ஸ்கிம்மர் சேர்ந்தது. பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையை அகப்பையால் வழிப்போமே, அதே வேலை: நுண்குமிழிகளில் ஒட்டும் கரிமக் கழிவை நுரையாகத் திரட்டி, அழுகி உரமாவதற்கு முன்பே வெளியேற்றும்.

இனிப் பாசி. புதுத் தொட்டியில் முதலில் மணல்மேல் பழுப்புப் பொடி படியும். அது டயட்டம், சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும், பதற வேண்டாம். செந்நிற வழவழப்பாக ஆடைபோல் விரிவது சயனோபாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலைகளை அது தேடிப் பிடிக்கும். பச்சை முடிபோல் நீள்வது, இறகுபோல் நிற்கும் பிரையாப்சிஸ், மரகத மணிபோல் உருளும் வலோனியா ஆகியவைதான் நிலைத்த தொல்லை. வலோனியாவின் ஒரு மணி முழுவதும் ஒரே செல். பாறையிலிருந்து உடைக்காமல் முழுதாகப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாறை முழுக்கப் பச்சை முடி, ஆனால் சோதனைக் குப்பியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். சோதனை பொய் சொல்லவில்லை. நீரில் விழுந்த உரத்தைப் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டதால் அளக்க எதுவும் மிஞ்சவில்லை. கடலடியில் ஒட்டி வளரும் தாவரங்களில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 30 நைட்ரஜன், 550 கார்பன் அணுக்கள் இருப்பதாக அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-இல் கணக்கிட்டார்கள். துளி பாஸ்பேட் கைப்பிடிப் பாசியாகும் என்பதே இதன் பொருள். அந்தத் துளி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். உறைந்த இறால் தீவனத்தை அலசாமல் போடுவது, மீன் பாவம் என்று இன்னொரு சிட்டிகை போடுவது, ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவாமல் விடுவது. ஜன்னலோரத்தில் வைத்த தொட்டிக்கு ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல் வேறு. விளக்கை எட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு நிறுத்தி, வெயில் படாத சுவரோரம் தொட்டியை வைப்பது செலவில்லாத மருத்துவம்.

பெருங்கடலிலும் இதே கணக்குதான். ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை மனிதர்கள் பிடித்துத் தீர்த்தார்கள்; எஞ்சி நின்று மேய்ந்த நீள்முள் கடல் முள்ளெலிகளை 1983-இல் ஒரு கொள்ளைநோய் அழித்தது. 1970-களின் இறுதியில் 50 விழுக்காட்டுக்கு மேலிருந்த பவளப் பரப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே போய், அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொண்டதைப் பவள ஆய்வாளர் டெர்ரி ஹியூஸ் 1994-இல் விவரித்தார். தமிழ்க்கரையிலும் ஒரு கதை உண்டு. சபாவின் செம்பூர்ணாவில் பண்ணை பண்ணையாக வளர்க்கப்படும் கப்பாஃபைக்கஸ் கடற்பாசி, மண்டபம் பக்கம் பயிருக்காகக் கொண்டுவரப்பட்டது. அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கிளைப்பவளங்களைப் போர்வையாக மூடியிருந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். ரீஃப் செக் மலேசியா என்ற அமைப்பு தன் பவளக் கணக்கெடுப்பில் உரச்சத்தைக் காட்டும் பாசிக்கென்று தனிப் பத்தியே வைத்திருக்கிறது.

மேய்ச்சல் இல்லாத தொட்டியும் குட்டி ஜமைக்காதான். டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகள் படலத்தைச் சுரண்டும். நீண்ட முடியை அவை தொடாது. அதைக் கையால் பிடுங்கி, அல்லது பாறையை வெளியே எடுத்து உப்புநீர் வாளியில் பல்துலக்கியால் தேய்த்துக் குட்டையாக்கிக் கொடுத்தால் மேயும். தமிழ்நாட்டுக் கரையில் ஓரா என்று அழைக்கும் மீனின் மஞ்சள்நிற உறவான நரிமுக மீன், பாசி தின்பதில் கெட்டிக்காரன். முதுகு முள்ளில் நஞ்சு உண்டு, வெறுங்கையால் தொடாதீர்கள். கடல்முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத பிராணி சில நாளில் பாறையையே மொட்டையடிக்கும். ஆனால் பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும், ஆதலால் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுப்பதே அதற்குச் செய்யும் நியாயம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பாசியை வேறிடத்தில் வளர்ப்பது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆய்வாளர் வால்ட்டர் ஏடி 1980-களின் தொடக்கத்தில், வலைத் தட்டில் வெளிச்சமும் அலையும் காட்டிப் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அறுவடை செய்து, அதோடு உரத்தையும் வெளியேற்றிக் காட்டினார். வீட்டில் தொட்டிக்குக் கீழுள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியில் கீட்டோ என்ற சுருள்பாசியை விட்டு, இரவில் அதற்கு விளக்குப் போடுங்கள். ஏர்கான் அறையில் கதவு ஜன்னல் மூடியே இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு கூடி, நீரின் பி.எச். விழும், இரவு முழுக்க அந்தப் பாசி அதை உறிஞ்சுவதால் அந்தச் சரிவும் குறைகிறது.

கடைகளில் விற்கும் பாசிக்கொல்லிகளைக் கடைசி வழியாக வையுங்கள். கொன்ற பாசி தொட்டிக்குள்ளேயே அழுகி, தின்ற உரத்தையெல்லாம் திருப்பிக் கக்கும். சயனோவுக்கு எரித்ரோமைசின் ஊற்றுவோர் உண்டு. உங்கள் பாறையின் நல்ல பாக்டீரியாவும் அதில் அடிபடலாம். உரத்தை ஒரேயடியாக உறிஞ்சியெடுப்பதும் தவறு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உண்மையிலேயே பூஜ்யமானால் பவளம் நிறமிழந்து மெலியும். டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி அந்த வெற்றிடத்தில் புகும், அதை விரட்டுவது முடிப்பாசியைவிடக் கடினம். லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் நிறுத்தினால் போதும்.

தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கடல் பூங்காக்களில் பவளத்தைப் பெயர்ப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. ஆகவே தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகளையும், பண்ணையில் பிறந்த கோமாளி மீனையும் கேட்டு வாங்குங்கள். பிடுங்கிய பாசியைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த காலர்ப்பா பாசி 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில் சிறு திட்டாகத்தான் தென்பட்டது. பிறகு பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கரைகள்வரை பரவியது. கலிஃபோர்னியாவில் 2000-இல் தலைகாட்டிய அதே பாசியை ஒழிக்க 2006 வரை ஆனது. கோலாலம்பூர்ச் சாக்கடைகளின் நீர் கிள்ளான் ஆற்றில் சேர்கிறது; ஆறு கிள்ளான் துறைமுகத்தருகே கடலில் கலக்கிறது. அள்ளிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டிக் குப்பையில் போடுங்கள்.